கண்காட்சிப் பையோடு வீடு திரும்பியிருப்பவர்களுக்கு

அன்புள்ள வாசக நண்பர்களுக்கு,

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்திலிருந்தோ உங்கள் மாவட்டத்துப் புத்தகத் திருவிழாவிலிருந்தோ பை கனக்க வீடு திரும்பியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சி இன்று பொங்கலோடு சேர்ந்துகொண்ட இன்னொரு பண்டிகையாகிவிட்டது. பத்து சதவீதக் கழிவில் வாங்கியதையெல்லாம் தரையில் பரப்பிப் படம் எடுத்திருக்கிறீர்கள். 'இந்த வருஷம் ஐம்பது', 'இந்த வருஷம் நூறு' என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். எழுதாதவர்களும் மனதுக்குள் ஓர் எண் வைத்திருப்பீர்கள். அந்த எண்ணைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

நான் கிளை நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புத்தகம் எடுப்பவர்களையும் திருப்பித் தருபவர்களையும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தே என் பணிக்காலம் போனது. ஜனவரி எங்களுக்குத் தனி மாதம். புது உறுப்பினர்கள் அப்போதுதான் அதிகம் சேர்வார்கள். "இன்னும் ஒண்ணு சேர்த்துக் குடுங்க மேடம், ஒரே வாரத்துல முடிச்சிருவேன்" என்று கேட்பார்கள். அதைக் கேட்கும்போது அவர்கள் கண்ணில் இருக்கும் ஆசை உண்மையானது. அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் மாசி பிறந்து சில நாளிலேயே அந்த முகங்களில் பல காணாமல் போய்விடும்.

திரும்பி வந்த புத்தகத்தை அலமாரிக்கு அனுப்புமுன் புரட்டிப் பார்ப்பது வழக்கம். உள்ளே ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கும். பேருந்துச் சீட்டு, தீர்ந்துபோன மாத்திரை அட்டை, ஜவுளிக்கடை பில், பூக்கட்டும் நார், பள்ளிக்கூடத்துக் கட்டண ரசீது என்று கைக்குக் கிடைத்ததை அடையாளத்துக்கு வைத்திருப்பார்கள். அது பெரும்பாலும் நாற்பதாம் பக்கத்துக்கும் எழுபதாம் பக்கத்துக்கும் நடுவில்தான் இருக்கும். டால்ஸ்டாயின் பெரிய நாவலை டி.எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' என்று தமிழில் தந்தார். எங்கள் நூலகத்தில் அதன் முதல் தொகுதியில், தேதி முத்திரை குத்தும் தாள் நிரம்பி, அதன்மேல் இன்னொரு தாளும் ஒட்டியிருந்தோம். கடைசித் தொகுதியில் முதல் தாளே பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. அட்டை முறுக்குக்கூடத் தளரவில்லை.

இதில் என்னை வருத்தியது புத்தகம் முடியாமல் போனதல்ல. முடிக்காத புத்தகத்தோடு வருபவர்கள் தலைகுனிந்து வருவார்கள். "டைமே கெடைக்கல மேடம், எனக்கெல்லாம் படிப்பு செட் ஆகாது போல" என்பார்கள். பிறகு அந்தப் பக்கமே வரமாட்டார்கள். எட்ட முடியாத ஓர் எண்ணைத் தாமே வைத்துக்கொண்டு, அதை எட்டாததால் தாம் வாசகரே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஐந்து புத்தகம் நிறைவாகப் படித்திருக்கக்கூடியவர்கள் அவர்கள். நூறு என்று ஆரம்பித்ததால் அந்த ஐந்தும் போயிற்று. உங்களில் ஒருவருக்கும் அப்படி ஆகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நூறு புத்தகம் என்றால் மூன்றரை நாளுக்கு ஒன்று. ஐம்பது என்றால் வாரத்துக்கு ஒன்று. காலை ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்பும் ஒருவருக்கு இது எப்படி ஒத்துவரும்? அப்படியே ஒத்துவந்தாலும், எண் நம் கையைப் பிடித்து இழுத்துப் போகும் இடம் நல்ல இடமல்ல. ஜூன் மாதம் கணக்கு பின்தங்கிவிட்டால் கை தானாக மெலிந்த புத்தகத்தைத் தேடும். பூமணியின் 'அஞ்ஞாடி', ஜோ டி குருஸின் 'கொற்கை', சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' மூன்றும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை. மூன்றும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவை. எண்ணிக்கைக் கணக்கில் இவை மூன்றும் வெறும் மூன்று. அறுபது பக்கச் சிறுநூல்கள் மூன்றும் அதே மூன்று. அப்படியொரு கணக்கு வைத்திருப்பவர் 'கொற்கை'யை எடுக்கத் துணிவாரா? தூத்துக்குடிக் கடற்கரைப் பேச்சு காதுக்குப் பழகவே முதலில் சில நாள் பிடிக்கும். அந்தச் சில நாளைக் கொடுத்தவர்களுக்கு ஒரு துறைமுகமும் அதன் மனிதர்களும் தலைமுறை தலைமுறையாகக் கண்முன் வந்து நிற்பார்கள். எண்ணிக்கையில் பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சத்தில் அதை இழப்பது பெரிய நஷ்டம்.

பக்கக் கணக்கும் முழுசாக உதவாது. மௌனி தம் வாழ்நாளில் எழுதியது 24 சிறுகதைகள்தான். மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரே நூலுக்குள் அடங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தவர்கள் மூன்றாவது கதையிலேயே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் குறையல்ல. அந்தக் கதைகளை அடுத்தடுத்து விழுங்க முடியாது. மாதத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டு மாதத்தில் மௌனி முழுவதும் உங்களிடம் இருப்பார். புதுமைப்பித்தன் கதைகள் நூறை ஒட்டி வரும். வாரத்துக்கு இரண்டு என்றால் அதுவும் ஓர் ஆண்டு. இந்த ஆண்டு புதுமைப்பித்தனை முழுக்கப் படித்தேன் என்று டிசம்பரில் ஒருவர் சொன்னால், நூறு புத்தகம் படித்தேன் என்பவரைவிட அவரைத்தான் நான் உட்காரவைத்து நெடுநேரம் பேசுவேன்.

மெதுவாகப் படிப்பது நமக்குப் புதிதா என்ன? 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950இல் தொடங்கி 1954 வரை தொடராக வந்தது. மூன்றரை ஆண்டுக்கு மேல். வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வந்த வாரத்தில் பிறந்த குழந்தை, கதை முடியும்போது ஓடியாடிப் பேசிக்கொண்டிருக்கும். அந்த வாரத்து அத்தியாயம் வந்ததும் வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அடுத்த வாரம் வரை அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாவலுக்கு மூன்றரை வருஷமா என்று அன்றைக்கு யாரும் கூசவில்லை. நம் காலத்திலேயே ஜெயமோகன் 2014 ஜனவரி 1 முதல் 'வெண்முரசு' எழுதினார். நாளுக்கு ஓர் அத்தியாயமாக, 2020 வரை, 26 நாவல்கள். முதல் நாளே யாராவது இருபத்தாறையும் மேசைமேல் அடுக்கி இந்த ஆண்டுக்குள் முடி என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் தொட்டிருப்பார்கள்? நாளுக்கு ஒன்று என்று வந்ததால்தான் அலுவலகத்துக்குப் போகிறவர்களும் சமையலுக்கு நடுவே நேரம் ஒதுக்கியவர்களும் கூடவே நடந்து முடித்தார்கள்.

மார்கழி முடிந்த கையோடு இதை எழுதுவதால் ஆண்டாளும் நினைவுக்கு வருகிறாள். திருப்பாவை முப்பது பாசுரத்தையும் சேர்த்துச் சொன்னால் அரை மணி நேரம் போதும். ஆனாலும் மாதம் முழுக்க நாளுக்கு ஒன்று என்று முறை வைத்துச் சொல்லி வந்திருக்கிறோம். அன்றைக்கு எந்தப் பாசுரமோ அதற்குத்தான் உரை, அதுதான் கோலம் போடும்போதும் வாயில். அடுத்த நாள் அடுத்தது. திரௌபதி அம்மன் கோயில்களில் வில்லிபாரதத்தை நாள்கணக்கில் வாசித்துப் பொருள் சொல்வதும் இதே முறைதான். பெரிய நூலைச் சிறு பங்காகப் பிரித்துக்கொண்டு, இன்றைய பங்கு தீர்ந்ததும் நிம்மதியாக எழுந்துபோகும் பழக்கம் நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது. அதை உங்கள் வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தால் போதும்.

எப்படிக் கொண்டுவருவது என்பதைச் சொல்கிறேன். சட்டைக்கு அளவு எடுப்பது உடம்பில்தான், கடையில் தொங்கும் இன்னொரு சட்டையில் அல்ல. அதனால் இந்த ஆண்டு எத்தனை என்று முடிவு செய்யுமுன் ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். எந்த இலக்கும் வேண்டாம். கையில் இருக்கிற நாவலை எடுத்து இருபது நிமிடம் படியுங்கள், எத்தனை பக்கம் போயிற்று என்று பாருங்கள். சாதாரண நாவல் என்றால் பலருக்குப் பத்துப் பக்கத்தை ஒட்டி வரும். சிலருக்கு ஆறு, சிலருக்குப் பதினைந்து. எதுவும் தாழ்ச்சியில்லை. அடுத்து, அந்த இருபது நிமிடம் உங்கள் நாளில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். மின்சார ரயிலில் தாம்பரம் முதல் கடற்கரை வரை உட்கார இடம் கிடைக்கிறதா? பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கிறீர்களா? சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் கழுவி முடித்துக் கை துடைத்த அந்த நேரமா? 'நேரம் கிடைக்கும்போது' என்று வைத்தால் கிடைக்காது. இந்த இடத்தில், இந்த நேரத்தில் என்று ஒன்றைக் குறியுங்கள்.

இப்போது கணக்குப் போடலாம். நாளுக்குப் பத்துப் பக்கம். 365 நாளும் நடக்காது. காய்ச்சல் வரும், ஊருக்குப் போவோம், வீட்டில் விசேஷம் வரும். 65 நாளைக் கழித்துவிடுங்கள். 300 நாளுக்கு 3,000 பக்கம். இருநூற்றைம்பது பக்க நாவல் என்றால் பன்னிரண்டு. அல்லது 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும், அதற்குமேல் சிறு நாவல் இரண்டு மூன்றும். அந்தப் பெரிய பை உங்களை மிரட்டிய அளவுக்கு இந்த எண் மிரட்டாது. இது உங்கள் நாளிலிருந்து வந்த எண், அதனால் டிசம்பர் வரை தாங்கும். அப்படி வந்த எண் நான்கு என்றாலும் நான்கையே எழுதுங்கள்.

மாதங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்காது. வங்கியிலும் கணக்கு அலுவலகங்களிலும் வேலை பார்ப்பவர்களுக்கு மார்ச் என்ற மாதமே கிடையாது. வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை இருந்தால் தேர்வு முடியும்வரை வீடே வேறு மாதிரி இருக்கும். வைகாசியிலும் ஆவணியிலும் கல்யாணம். அந்த மாதங்களுக்குச் சிறுகதையோ கவிதையோ வைத்துக்கொள்ளுங்கள், நாவலை வைக்காதீர்கள். நாவல் பாதியில் நின்றால் பாத்திரங்களின் பெயர்கூட மறந்துபோகும். சிறுகதை அன்றைக்கே முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் பெரிய நாவலுக்கு நல்ல காலம். வெளியே போக முடியாத மாலைகள் அப்போதுதான் வரிசையாக வரும்.

வாங்கிவந்த எல்லாவற்றையும் கண்முன் அடுக்கி வைக்காதீர்கள் என்பது என் கெஞ்சல். மூன்றை மட்டும் மேசைமேல் வையுங்கள். மீதியை அலமாரியில் ஏற்றிக் கதவைச் சாத்துங்கள். மூன்றில் ஒன்று பெரியது, நாளுக்குப் பத்துப் பக்கம் போவதற்கு. இன்னொன்று அலுத்த நாளில் எடுக்க, கி. ராஜநாராயணனின் கதைகள்போல, காதோடு பேசுகிற மாதிரி ஒன்று. மூன்றாவது கவிதை அல்லது பழைய இலக்கியம், அதற்கு ஒரு பக்கமே அன்றைய பங்கு. ஒன்று முடிந்த பிறகுதான் அலமாரிக் கதவைத் திறப்பது. முப்பது முதுகுகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தால் கையில் இருக்கும் புத்தகத்தில் மனம் நிற்காது. இதை வாசகர்கள் பலர் என்னிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். புத்தகம் வாங்கியது தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் வாங்காவிட்டால் பதிப்பாளருக்கு அடுத்த நூலை அச்சிடக் காசு ஏது? வாங்கியதை ஒரே ஆண்டில் தீர்க்க வேண்டும் என்ற கட்டாயம்தான் தேவையில்லை.

பழைய இலக்கியம் என்றதும் சிலர் பின்வாங்குவீர்கள். பங்கு பிரிக்க அதைவிட வசதியானது வேறில்லை. குறுந்தொகையில் கடவுள் வாழ்த்தை விட்டால் 401 பாடல். பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள். நாளுக்கு ஒன்று என்றால் ஓர் ஆண்டும் ஒரு மாதமும். உ.வே.சா. 1937இல் வெளியிட்ட பதிப்பில் பதவுரையும் கருத்தும் கூடவே இருக்கின்றன. திருக்குறள் 133 அதிகாரம். நாளுக்கு ஒரு குறள் என்று போனால் மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும், வாரத்துக்கு மூன்று அதிகாரம் என்றால் ஓர் ஆண்டுக்குள் முடிந்துவிடும். பாடப்புத்தகத்தில் பத்துக் குறளோடு நின்றுபோனவர்களுக்குக் காமத்துப்பாலில் எவ்வளவு நாடகம் இருக்கிறது என்பதே தெரியாமல் இருக்கும். அதிலிருந்து தொடங்கினால்தான் என்ன?

பாதியில் நிறுத்துவதைப் பற்றியும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தியாவின் நூலக இயலுக்குத் தந்தையான சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகள் தந்தார். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நூலகருக்குச் சொன்னதுதான். ஆனால் வாசகர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் அதுவே என்று நினைக்கிறேன். ஐம்பது அறுபது பக்கம் நேர்மையாகப் படித்தும் ஒட்டவில்லையா, மூடி வைத்துவிடுங்கள். அதை ஒரு தோல்வியாக எழுதிக்கொள்ள வேண்டாம். 'ஜே.ஜே: சில குறிப்புக'ளை இருபது வயதில் மூடிவைத்துவிட்டு நாற்பதில் திறந்து, மூச்சுவிடாமல் படித்தவர்கள் உண்டு. புத்தகம் காத்திருக்கும். கட்டாயப்படுத்தி முடித்த புத்தகமோ அடுத்த மூன்று புத்தகத்தின் மேலும் கசப்பைப் பூசிவிட்டுப் போகும்.

அதேபோல மறுவாசிப்பையும் கணக்கில் சேருங்கள். 'மோகமுள்'ளைக் கல்லூரி நாளில் படித்தவருக்கு அதில் பாபுவும் யமுனாவும்தான் தெரிந்திருப்பார்கள். ஐம்பது வயதில் திரும்ப எடுத்தால் பாபுவின் அப்பா வைத்தி தெரிவார், ரங்கண்ணா தெரிவார். புதிதாக ஒன்று படித்ததைவிட இதில் ஒன்றும் குறைவில்லை. குழந்தைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியதும் வாசிப்புத்தான். காதில் கேட்பதும் அப்படித்தானா என்று கேட்கிறார்கள். கதைக்கு அது ஒத்துவருகிறது. கண் தளர்ந்தவர்களுக்கு அது வரம். கவிதைக்கு மட்டும் பக்கத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள், அடி எங்கே முறிகிறது என்பது பக்கத்தில்தான் தெரியும்.

உங்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நிறைய. இன்று எந்தப் பொது நூலகத்துக்குப் போனாலும் பாதி நாற்காலிகளில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், டிபன் பாக்ஸோடு, காலை திறந்ததிலிருந்து மாலை பூட்டும்வரை. உங்களைப் பார்த்து ஆண்டுக்கு இத்தனை நாவல் படி என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாரத்துக்கு ஒரு சிறுகதை, அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால். அசோகமித்திரன் கதை ஒன்றுக்கு அரை மணிக்கு மேல் ஆகாது. தேர்வில் வராத ஒன்றை, யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை என்று தெரிந்தே படிக்கிற அந்த அரை மணி உங்களுக்கு மிக அவசியம். பல ஆண்டுகள் விடைக்காக மட்டுமே பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு, வேலை கிடைத்த பிறகும் கதையில் மனம் நிற்காமல் போவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்தக் கதி வேண்டாம்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் இந்த ஆண்டு ஒரே ஒரு புத்தகம் என்று வையுங்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' ஆகட்டும், வேறு எதுவாகட்டும். ஒன்று போதும். பேறுகாலத்துக்குப் பிறகு வாசிப்பு விட்டுப்போய் அப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது என்று சொன்ன பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஆண்டுக்கு ஒன்றாவது கையில் இருந்திருந்தால் அந்த நூல் அறுந்திருக்காது என்று அவர்களே சொல்வார்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: அவர் கையில் புத்தகம் இருக்கிற அந்த இருபது நிமிடம் குழந்தையை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றவர்களுக்கு நேரம் இருக்கிறது, கண்தான் ஒத்துழைப்பதில்லை. பொடி எழுத்தோடு போராடாதீர்கள். கிண்டிலிலும் கைப்பேசியிலும் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், பேரப்பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டால் காட்டிக்கொடுப்பார்கள். மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் காசில்லாமல் கிடைக்கின்றன.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அதில் எண் போட வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம். தொடங்கிய தேதி, நிறுத்திய பக்கம், மனதில் நின்ற ஏதாவது ஒரு விஷயம். ஒரு வரி போதும். பத்து நாள் விட்டுப்போனால், விட்டுப்போனதை ஈடுகட்ட ஒரே நாளில் நூறு பக்கம் படிக்க உட்காராதீர்கள். இன்றைய பத்துப் பக்கத்தை மட்டும் படியுங்கள். போன பத்து நாள் போனதுதான், அதற்காகத்தான் 65 நாளை முதலிலேயே கழித்துவைத்தோம். அப்படியும் ஜனவரியில் வைத்தது சரிந்துவிட்டது என்றால், ஏப்ரல் 14 வருகிறது. நமக்குச் சித்திரையிலும் ஓர் ஆண்டு பிறக்கிறது. அன்றைக்கு அளவைக் குறைத்து மறுபடியும் தொடங்குங்கள்.

துணை இருந்தால் இன்னும் நல்லது. தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது. அதன் பலனாக உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஒரு நூலகம் நிச்சயம் இருக்கும். பல நூலகங்களில் வாசகர் வட்டமும் இருக்கிறது. அங்கே போய் உட்காருங்கள். வட்டம் பெயருக்குத்தான் இருக்கிறது என்றால் நூலகரைக் கேளுங்கள், இரண்டு பேர் வந்து நின்றாலே அவருக்கு உற்சாகம் வந்துவிடும். எத்தனை படித்தாய் என்று கேட்கும் வட்டம் வேண்டாம். என்ன படித்தாய், எங்கே நின்றாய், ஏன் நின்றாய் என்று பேசுகிற நான்கு பேர் போதும்.

என் இலக்கையும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் கேட்டுவிட்டு நான் சொல்லாமல் இருப்பது முறையில்லை. இந்த ஆண்டு எனக்குச் சிலப்பதிகாரம். துண்டுதுண்டாகப் படித்திருக்கிறேனே தவிர, உரையோடு தொடக்கத்திலிருந்து முடிவுவரை போனதில்லை. முப்பது காதை, வாரத்துக்கு ஒன்று. ஆண்டில் 52 வாரம் இருப்பதால் 22 வாரம் கையிருப்பு. கானல்வரிக்கும் ஆய்ச்சியர் குரவைக்கும் ஒரு வாரம் போதாமல் போகலாம், அப்போது கையிருப்பிலிருந்து எடுத்துக்கொள்வேன். அலுத்த நாளுக்கு கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்', இது மறுவாசிப்பு. மேசைமேல் வேறொன்றும் இல்லை.

சித்திரைப் பிறப்பன்று உங்களில் முடிந்தவர்கள் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். எத்தனை முடித்தீர்கள் என்று வேண்டாம். எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பொங்கல் முடிந்த வாரத்தில் தொடங்கியிருப்பதால், தடங்கலில்லாமல் போனால் நான் அப்போது பதின்மூன்றாம் காதையில், மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில் இருப்பேன். தடங்கல் வந்தால் இன்னும் புகாரிலேயே இருப்பேன், அதையும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு கிளை நூலகர்